கொசுவத்துக்கும் மீதி

இன்று சாயங்காலமும் நீ எங்கள் தெரு வழியாகப் போனாய்.

நான் வாசலில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தேன். நகைச்சுவை எழுத்தாளனுக்கு வீட்டில் வேறென்ன வேலை கொடுப்பார்கள்? முதலில் அந்த நாதஸ்வரத் துண்டு கேட்டது. அதன்மேல் புதிதாக ஒட்டவைத்த யாரோ ஒருவரின் குரல், "பொங்கலை முன்னிட்டு" என்று கீச்சென்று சொன்னது. அதற்கப்புறம் நீ. உனக்கே உரிய அந்தக் கனைப்பு, "ஆரணி வாழ் தாய்மார்களே" என்ற இழுப்பு. ஆட்டோவின் தலையில் கட்டிய கூம்பு ஸ்பீக்கர் முனை திரும்புவதற்கு முன்பே நீ திரும்பிவிடுகிறாய்.

போன ஆடியில் உன்னைச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தோம். புடவைக்கடை உன்னை விடவில்லை. தீபாவளிக்கு வந்தாய், இதோ பொங்கலுக்கும் வந்துவிட்டாய். பழைய ஒலிப்பதிவில் பண்டிகையின் பெயரை மட்டும் மாற்றிக்கொள்கிறார்கள். மற்றபடி ஜரிகையும் தள்ளுபடியும் உன் வாயாலேயே ஊரைச் சுற்றுகின்றன. கையில் ஒரு மொச்சையைப் பிடித்தபடி உன்னுடைய அந்த ஒரு வரிக்காக நான் காத்திருந்தேன். அந்த இடம் வந்தது. நாதஸ்வரம்தான் வந்தது. நீ வரவில்லை.

அந்த இடத்தில் என்ன இருந்தது என்று உனக்குத் தெரியும். உன் வாயிலிருந்து வந்ததுதானே.

ஸ்பீக்கர் வாடகைக்கு விடுவது உன் தொழில் என்று பலகையில் எழுதியிருந்தது. உண்மையில் இந்த ஊரின் தொண்டையே நீதான். கல்யாணம், காதுகுத்து, காணாமல் போன எருமை, குழாயில் தண்ணீர் வராத நாள், யாருடைய தகப்பனாரோ காலமான செய்தி, எல்லாம் உன் வழியாகத்தான் எங்களுக்கு வரும். எழுதிக் கொடுப்பவன் நான். "கண்கவர் வண்ணங்களில்" என்று நான் எழுதுவது உன் வாய்க்குள் நுழைந்து, "கண்ணப் பறிக்கிற கலரு" என்று வெளியே வரும். எனக்குக் கோபம் வரும். ஊர் கைதட்டும். கோபத்தை மென்று விழுங்கிவிட்டு, அந்த வரியை நானே எழுதியதாக டீக்கடையில் சொல்லிக்கொள்வேன்.

கூழ் ஊற்றும் திருவிழா ஒன்று ஞாபகம் வருகிறது. செலவை ஏற்றுக்கொண்ட அரிசி மண்டிக்காரர் மேடைக்கு வந்தார். அவருக்குப் பேச்சு திக்கும். நான் உன் காதில் ஒரு ஜோக்கைப் போட்டேன். நல்ல ஜோக்தான், இப்போதும் சொல்கிறேன். நீ மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாய்.

"அந்த ஆளு திக்கித் திக்கிப் பதில் சொல்றதுக்குள்ள நான் அடுத்த அறிவிப்புக்குப் போயிடுவேன். அது நியாயமாடா?"

அவ்வளவுதான். கையை எடுத்துவிட்டு அவருக்கு மாலை போடச் சொன்னாய். என் ஜோக் இன்னும் யாருக்கும் சொல்லாமல் அப்படியே கிடக்கிறது.

புடவைக்கடைக்கு ஒலிப்பதிவு செய்த அன்றைக்கு, "முழு நீளப் பட்டு" என்று நான் எழுதியிருந்தேன். நீ காகிதத்தை ஒரு பார்வை பார்த்தாய். மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உன் பாட்டுக்குப் பேசினாய்: "தாய்மார்களே, எங்க வூட்டம்மாவையே ஒரு சுத்து சுத்தி வந்து, கொசுவத்துக்கும் மீதி நிக்கிற நீளம்!"

உன் வீட்டம்மா, அதாவது எங்கள் அண்ணி, கொஞ்சம்... இதை எழுதும்போதே என் மகள் தோளுக்குப் பின்னால் நிற்பது போலிருக்கிறது. "அப்பா, ஒருத்தரோட உடம்பப் பத்தி எழுதக் கூடாது." சரி, எழுதவில்லை. அண்ணியைச் சுற்றி வர ஒரு புடவைக்கு நேரம் பிடிக்கும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அந்த ஆட்டோ உன் தெருவுக்குள் நுழையும் நேரம் பார்த்து நீ டிரைவர் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துகொள்வாய். வரி முடியும். வாசலிலிருந்து அண்ணியின் குரல் ஸ்பீக்கர் இல்லாமலே தெருக்கோடி வரை போகும்.

"வாய்யா வூட்டுக்கு! உனக்கு வெக்கறேன் கொசுவம்!"

தெரு முழுக்க அதற்காகத்தான் காத்திருக்கும். தறியில் இருப்பவர்கள்கூட மிதிப்பதை நிறுத்திவிட்டுச் சிரிப்பார்கள். அந்த விளம்பரத்தில் பாதி அண்ணியுடையது. கடைக்காரர் உனக்கு மட்டும் புதுவேட்டி எடுத்துக் கொடுத்தது அநியாயம்.

பிறகு அந்த நாள். வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் கண்ணமங்கலத்தைக்கூட நீ தாண்டவில்லை. திரும்பக் கொண்டுவந்து நடுவீட்டில் கிடத்தினோம். துக்கச் செய்தி சொல்ல ஆள் தேடியபோதுதான் எங்களுக்கு உறைத்தது, அந்த வேலையும் உன்னுடையது என்று. ஆளுக்கொரு பக்கம் போன் செய்தோம். முள்ளிப்பட்டுப் பக்கம் போயிருந்த ஆட்டோ டிரைவருக்குச் சொல்ல மட்டும் எல்லோரும் மறந்துவிட்டோம்.

அவர் வழக்கம்போல் தெருவுக்குள் திரும்பினார். உள்ளே நீ மூக்கில் பஞ்சோடு படுத்திருக்கிறாய். வெளியே நீ ஆடித் தள்ளுபடி சொல்லிக்கொண்டு வருகிறாய். அழுதுகொண்டிருந்த பெண்கள் அப்படியே நிறுத்தினார்கள். ஷாமியானா கட்டிக்கொண்டிருந்தவர் கயிற்றைப் பிடித்தபடி நின்றார். பந்தலைப் பார்த்த டிரைவர் ஸ்விட்சைத் தேடினார், அவசரத்துக்கு அகப்படவில்லை. அந்த வரி வந்தது. குறையில்லாமல், முழுசாக வந்தது.

நாங்கள் எல்லோரும் அண்ணியைப் பார்த்தோம். பழக்கம், என்ன செய்வது? அண்ணி வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை.

தீபாவளிக்கு முன்னால்தான் கவனித்தேன், அந்த வரியைக் காணோம். சரி, யாரோ புண்பட்டுவிட்டார்கள் என்று முடிவு கட்டினேன். இப்போது அதுதானே காலம். என் கதையைக் கேள். வழுக்கையைப் பற்றி முகநூலில் ஒன்று எழுதினேன். என் சொந்த வழுக்கை, நானே வளர்த்தது. கேலி செய்து மனதை நோகடிக்காதீர்கள் என்று முதலில் வந்து கண்டித்தவருக்குத் தலைநிறைய முடி. அன்றிலிருந்து தெரு வாட்ஸப் குழுவில் காலை வணக்கம் போடுவதற்குக்கூட இரண்டு தரம் படித்துப் பார்க்கிறேன், யாருக்காவது அது காலையாக இல்லாமல் போய்விட்டால் என்ன ஆவது என்று.

புண்பட்டவர் யார் என்று துப்பறிய ஆரம்பித்தேன். கடை முதலாளிக்குப் பெங்களூரிலிருந்து புது மருமகள் வந்திருக்கிறாள், அவளாக இருக்கும். இல்லையென்றால் என் கட்டுரைகளில் சிவப்பு மையால் சுழித்துத் திருப்பித் தரும் ரிட்டையர்டு டீச்சர். அவரும் இல்லையென்றால் உடற்பயிற்சிக்கூடம் வைத்திருப்பவர். மூன்று பேரையும் டீக்கடையில் வைத்து ஆசை தீரப் பேசிவிட்டு, கடைக்குச் சண்டைக்குப் போனேன். போகும் வழியெல்லாம் ஒரு பிரசங்கம் தயாரித்துக்கொண்டே போனேன். நீ கேட்டிருந்தால் பாதியை வெட்டியிருப்பாய்.

"செத்தவன் வாயக்கூடக் கட்டுவீங்களா? யாருக்குங்க அப்பிடி வலிச்சிது?"

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். "உக்காருங்க. டீ சொல்றேன்."

"டீ இருக்கட்டும். மருமகப் பொண்ணுதானே?"

"அது பாவம், அந்த வரிய போன்ல போட்டுப் போட்டுச் சிரிச்சிகினு இருந்தது."

"அப்போ டீச்சரு."

"உங்களுக்கு எதுக்குங்க இந்தப் பேஜாரு? சொன்னா எழுதிடுவீங்க."

"எழுத மாட்டேன்." (எழுதிக்கொண்டிருக்கிறேன், பார்.)

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "நம்ம ஸ்பீக்கர்காரரு வூட்டு அம்மாவே வந்தாங்க. அந்த ஒண்ண மட்டும் எடுத்துடுங்க, மத்ததெல்லாம் ஓடட்டும்னாங்க. நான் இன்னா கேக்க முடியும்?"

டீ வந்தது. குடித்தேன். வெட்டிய துண்டைத் தூக்கிப் போட மனசு வரவில்லை என்று சொல்லி, அதை என் போனுக்கு அனுப்பிவைத்தார். பிரசங்கத்தை அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

நேராக உன் வீட்டுக்குத்தான் போனேன். உன் ஆம்பிளிஃபயரின் மேல் ஒரு துண்டைப் போர்த்தி, அதன்மேல் உன் படத்தை வைத்திருக்கிறார்கள். அண்ணி கீழே உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா தம்பி, கடையாண்ட போயி கத்தினியாமே?"

நான் நடந்து வருவதற்குள் சேதி வந்து உட்கார்ந்துவிட்டது. ஆரணி அப்படியேதான் இருக்கிறது, நீ கவலைப்படாதே.

"இல்ல அண்ணி... அந்த வார்த்தை உங்களுக்குச் சங்கடமா இருந்துதுன்னு தெரியாது. உடம்பு வாகப் பத்தி... அதாவது ஒருத்தரோட உருவத்த..."

"இன்னாத்துக்கு இப்பிடி முழுங்கற? குண்டுன்னு சொல்லு."

சொன்னேன்.

"அது எனக்குத் தெரியாதா? கண்ணாடி இல்லையா வூட்ல? கல்யாணத்து அன்னிக்கே சொன்ன ஆளு அவரு. ஐயரு கையில தட்டோட நிக்கிறாரு, அவரு என் காதாண்ட வந்து, 'மாலை பத்துமா, இன்னொண்ணு வாங்கியாரட்டுமா'ன்னாரு. நானும் சொன்னேன், 'உன் கழுத்துல இருக்கறதையும் கழட்டிக் குடு, சரியா இருக்கும்'னு."

சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு இரண்டு பேருக்கும் சிரிப்பு நின்றுவிட்டது.

"அப்புறம் ஏன் அண்ணி எடுக்கச் சொன்னீங்க?"

கையிலிருந்த புடவையை நான்காக மடித்தார். பிரித்துவிட்டு மறுபடியும் மடித்தார்.

"தெனம் வாசல்ல வந்து கூப்புட்டுட்டுப் போறாரு தம்பி. நான் பதில் சொல்லணும். வாய் வரைக்கும் வந்துடுது. சொன்னா, பாவம் பைத்தியம் புடிச்சிடுச்சின்னு தெரு சொல்லும். சொல்லாம வுட்டா..." என்று நிறுத்தி, உன் படத்தைப் பார்க்காமல் சொன்னார். "நான் கோவமா இருக்கறேன்னு நெனச்சிகினு போறாரு."

கீழே கிடந்த ஒரு போர்வையை எடுத்து நானும் மடிக்க ஆரம்பித்தேன்.

"தள்ளுபடி, ஜரிகை எல்லாம் சொல்லிகினு போவட்டும். அது ஊருக்கு. இந்த ஒண்ணு என்கிட்ட சொன்னது."

நான் மடித்ததைப் பிடுங்கித் திருத்தி மடித்தபடி, "வெட்டினத இன்னா பண்ணாங்க?" என்று கேட்டார்.

"என் போன்ல இருக்குது அண்ணி. அழிச்சிடட்டுமா?"

"அழிச்சிப் பாரு, கைய ஒடச்சிடறேன்."

"உங்களுக்கு அனுப்பட்டுமா?"

"வாணாம்." வேகமாகச் சொன்னார். "உங்கிட்டயே இருக்கட்டும். நான் கேக்கறப்போ போடு. கேக்கற வரைக்கும் போடாத."

அன்றிலிருந்து அந்தத் துண்டு என்னோடு இருக்கிறது. போனில் இடமில்லை, எதையாவது அழி என்று அது நச்சரிக்கும்போதெல்லாம் சொந்தக்காரர்களின் கல்யாண வீடியோக்களை ஒவ்வொன்றாக அழிக்கிறேன். கேட்டால் அவர்களும் புண்படுவார்கள். நான் அந்த வரியைப் போட்டுக் கேட்டதில்லை. தப்பித் தவறி விரல் பட்டுவிடுமோ என்று போனைப் பிடிக்கும் விதமே மாறிப்போயிற்று.

இன்று ஆட்டோ உன் தெருவுக்குள் திரும்பியதும் மொச்சையை வைத்துவிட்டு நானும் பின்னாலேயே நடந்தேன். அண்ணி வாசலில் நின்றிருந்தார். அந்த இடம் வந்தது. நாதஸ்வரம் வாசித்துக்கொண்டே ஆட்டோ நகர்ந்தது. எதிர்வீட்டுக்காரர், தறிவீட்டு ஆட்கள், காய்கறி வண்டிக்காரர், எல்லோருக்கும் அந்த வரி மனப்பாடம். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. எல்லோரும் எங்கோ பார்த்துக்கொண்டு நின்றோம், அவ்வளவு மரியாதையாக.

அண்ணி என்னைப் பார்த்தார். என் கை சட்டைப்பைக்குப் போயிற்று. அவர் தலையை லேசாக, இல்லை என்று ஆட்டினார். இன்றைக்கு இல்லை. உள்ளே போய்விட்டார். நீயும் முனை திரும்பிப் போய்விட்டாய்.

இருட்டுவதற்குள் இதை உனக்கு எழுதிவிட வேண்டும் என்று வந்து உட்கார்ந்தேன். நீ சொன்னது என் சட்டைப்பையில் பத்திரமாக இருக்கிறது. அதற்கான பதில் அண்ணியிடம் இருக்கிறது, வாய் வரைக்கும் வந்து நிற்கிறது. நாளைக்கும் இந்தப் பக்கம் வருவாய். வாசலில் சத்தம் கேட்கவில்லை என்றால், கோபம் என்று மட்டும் நினைத்துக்கொண்டு போய்விடாதே.