சேணத்தில் ஒரு வில்லை குறைவு

உலான்பாத்தர்,
செவ்வாய்க்கிழமை பகல்.

அன்புத் தங்கை ஹொர்லோவுக்கு,

உன் வீட்டு அடுப்பு அணையாமல் எரிகிறதா, ஆடுகள் பனியைக் கிளறி மேய்கின்றனவா என்று கேட்டுத் தொடங்குகிறேன். இங்கே நான் நலம். இடது முழங்கால் மட்டும் குளிரை எனக்கு முன்பே தெரிந்துகொள்கிறது.

நேற்று தொலைபேசியில் நீ அழுததில் நானும் எதையும் ஒழுங்காகச் சொல்லவில்லை. உங்கள் ஊர்த் தபால் நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் பெண் நடுவில் மூச்சுவிடுவது எனக்கே கேட்டது. அதனால்தான் கடிதம். ஜீப்காரர் புரெவ் இன்று சாயங்காலம் உங்கள் பக்கம் கிளம்புகிறார், வாங்கிக்கொள்ள வருவார். நீ பதறிப்போய்ப் பாதியில் நிறுத்திவிடுவாய் என்பதால், சொல்லப்போவதை முதலிலேயே வரிசைப்படுத்தித் தருகிறேன்.

1. உன் மகன் தெர்பிஷ் எப்படி இருக்கிறான்.
2. என்னிடம் என்ன கேட்கிறார்கள்.
3. அவனிடம் பிடிபட்ட பொருள் போலி என்று நான் ஏன் முடிவு செய்தேன்.
4. வெள்ளிக்கிழமை வரை நீ என்ன செய்ய வேண்டும்.

முதலில் தெர்பிஷ். நேற்றுக் காலை காவலில் அவனைப் பார்த்தேன். அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. கொஞ்சம் இளைத்திருக்கிறான். நீ அனுப்பிய உலர்ந்த இறைச்சியை உள்ளே விடவில்லை. என் சமையலறையில் இருக்கிறது. பொருள் எப்படிக் கிடைத்தது என்று கேட்பதற்காக, அதைப் பரிசோதிக்கப் போன எங்கள் மூவர் முன்னால் அவனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவன் என் முகத்தைப் பார்த்தான். மாமா என்று கூப்பிடவில்லை. “வாத்தியாரே, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?” என்றான், வழியில் பார்த்த யாரோ ஒரு கிழவனைக் கேட்பதுபோல. தகப்பன் பெயர் வேறாக இருப்பதால் அவன் என் தங்கை மகன் என்று அங்கே யாருக்கும் தெரியாது. என்னைக் காப்பாற்றத்தான் அவன் அப்படி நடித்தான் என்று நினைக்கிறேன். தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவும் இருக்கலாம். நான் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். பாதி மேஜைமேல் சிந்திவிட்டது.

அதிகாரி துருவித் துருவிக் கேட்டபோது அவன், “இந்த ஓட்டைத் தகட்டையா இத்தனை படிச்சவங்க சுத்தி நின்னு பாக்கறீங்க? சேணத்துல அடிக்கிற சாமான் சார் இது. என் குதிரையைக் கூட்டிட்டு வந்தா என்னதான் பண்ணுவீங்களோ!” என்றான். காவலர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. “சேணத்துச் சாமானுக்கு ரயில்ல, உன் பூட்ஸுக்குள்ள என்ன வேலை?” என்றார். அவன் காலியான குவளையை மறுபடி வாயில் வைத்தான்.

இரண்டாவது. பூட்ஸுக்குள் இருந்தது நம் கடைசி மன்னர் போக்த் கான் காலத்து ரத்ன வஜ்ர விருது, மார்பில் குத்தும் வெள்ளிப் பதக்கம். நான் இத்தனை காலமாகச் சேர்த்ததில் என்னிடம் இருப்பவை இரண்டே இரண்டு. அசல் என்றால், அதை எல்லை தாண்டிக் கொண்டுபோக முயன்றதற்கு வருடக்கணக்கில் சிறை. நகல் என்றால் அது வெறும் கடைச்சரக்கு. அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எது என்று சொல்ல மூன்று பேரைக் கூப்பிட்டார்கள்: அருங்காட்சியகத்து அம்மாள் ஒருவர், சேகரிப்பாளர் சோய்ஜில், நான். சோய்ஜில் கையில் எடுத்ததுமே அசல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டான். அந்த அம்மாள் நகல்தான் என்று நினைப்பதாகச் சொன்னார். நான் யோசிக்க அவகாசம் கேட்டேன். ஆக, வெள்ளிக்கிழமை நான் சொல்வதுதான் முடிவு.

வெளியே வரும்போது சோய்ஜில் என் தோளில் தட்டி, “என்னய்யா லுவ்சான்ஷரவ், எடை போட்டுப் போட்டே வெள்ளியத் தேச்சிடுவ போலிருக்கே! முகத்தப் பாத்தா உன் வீட்டுல யாரையோ பறிகொடுத்த மாதிரி இருக்கு” என்றான். கேலிக்குத்தான் சொன்னான். நான் தொப்பியை முகத்துக்கு இழுத்துக்கொண்டு நடந்தேன்.

நீ சொன்னதையும் மறக்கவில்லை. “ரெண்டு பிள்ளைய வாரிக் குடுத்த பிறகு, இவனுக்கு தெர்பிஷ்னு, ‘அது இல்ல’ன்னு பேர் வெச்சுத்தானே பேயை ஏமாத்தினோம் அண்ணா? பேயே நம்பிட்டுப் போயிடுச்சு. ஆபீசருங்க நம்ப மாட்டாங்களா? அதே வார்த்தையத்தான கேக்கறேன். அது இல்லன்னு ஒரு தடவை சொல்லிடேன்” என்றாய். நான் சரி என்று சொல்லாததால் கோபித்துக்கொண்டு வைத்துவிட்டாய். எனக்குப் பொய் சொல்ல வராது என்று உனக்குத் தெரியும். பயத்தில் குரல் போய்விடும். ஆனால் இந்த முறை பொய்யே தேவைப்படாது, ஹொர்லோ.

மூன்றாவதுக்கு வருகிறேன். அது போலி. பின்புறத்தில் ஊசி இல்லை. ஊசி இருக்க வேண்டிய இடம் மழமழவென்று ராவப்பட்டிருக்கிறது. ஓரத்தில் எதிரெதிராக இரண்டு துளைகள். மார்பில் குத்தும் விருதுக்குத் துளை எதற்கு? என்னிடம் உள்ள இரண்டையும்விட எடை குறைவு. எல்லாவற்றுக்கும் மேலாக, முகப்பில் உள்ள நீல எனாமல் நேற்றுப் பூசியதுபோல் பளிச்சென்று இருக்கிறது. என்னிடம் இருப்பவற்றில் பாதி உதிர்ந்துவிட்டது. வஜ்ரத்தின் பள்ளங்களில் பழுப்பாக ஏதோ அப்பியிருக்கிறது. பழசுபோல் காட்டுவதற்காகப் போலி செய்கிறவர்கள் செருப்புப் பாலிஷ் தடவுவதுண்டு.

இவ்வளவும் எழுதிய பிறகும் ஒரு சந்தேகம் என்னை விடவில்லை. பார்த்தது என் கண்ணா, என் ஆசையா? வேறு யாரோ ஒருவனுடைய மகன் பூட்ஸில் இருந்திருந்தால் இந்தத் துளைகள் எனக்கு இவ்வளவு பெரிதாகத் தெரிந்திருக்குமா? இதனால் ஒன்று முடிவு செய்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை வாய் திறந்ததும் அவன் என் தங்கை மகன் என்பதைத்தான் முதலில் சொல்வேன். காரணங்களை அதற்குப் பிறகு வைப்பேன். காரணங்கள் சரியாக இருந்தால் அவற்றை யார் சொன்னாலும் நிற்கும் அல்லவா? என்னை வெளியே அனுப்பிவிட்டாலும் எழுதிய தாள் அங்கே இருக்கும்.

நான்காவது. வக்கீலுக்காகக் குதிரைகளை விற்காதே. தபால் நிலையத்தில் வாயைத் திறக்காதே. மருமகளையும் பேச விடாதே. தெர்பிஷ் கல்யாணத்தில் சம்பந்தி கொடுத்த சேணத்தில் ஒரு வெள்ளி வில்லை குறைகிறது என்று அவள் கவலைப்பட்டதாகச் சொன்னாயே, அந்தச் சேணத்தை யார் கண்ணிலும் படாமல் சுருட்டி வை. யாராவது பார்த்துவிட்டு, வில்லையைப் பெயர்த்தது இவன்தான் என்று

இந்த வரியில் பேனாவை வைத்துவிட்டேன். இப்போது வெளிச்சம் மங்கிவிட்டது.

பழைய பிஸ்கட் டப்பா ஒன்றில் உதிரிச் சாமான்கள் வைத்திருக்கிறேன். அதில் உங்கள் பக்கத்துச் சேணத்திலிருந்து வந்த வெள்ளி வில்லை ஒன்று உண்டு. அடியில் இரண்டு ஆணிகளோடு இருக்கிறது. நேற்று அந்த விருதின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுத்திருந்தேன். படியின் மேல் வில்லையை வைத்தேன். இரண்டு ஆணிகளும் இரண்டு துளைகளில் உட்கார்ந்தன. எடுத்து மறுபடி வைத்தேன். மறுபடியும் உட்கார்ந்தன.

உன் பையன் அதிகாரியிடம் கேலியாகச் சொன்னது உண்மை. அது சேணத்தில்தான் இருந்தது. முகம் உள்ளே, முதுகு வெளியே. ஊசியை ராவி எடுத்து, ஓரத்தில் துளை போட்டு, வழவழப்பான வெள்ளி மட்டும் தெரியும்படி கவிழ்த்து ஆணி அடித்திருக்கிறார்கள். எடை குறைந்தது ஊசி போனதால். எனாமல் உதிராதது, அத்தனை காலமும் தோலுக்குள் குப்புறக் கிடந்ததால். பள்ளத்தில் இருப்பது பாலிஷ் இல்லை, சேணத்துத் தோல்.

மன்னராட்சி போய்ப் புரட்சி அரசு வந்த பிறகு, இப்படிப்பட்ட ஒன்று வீட்டில் இருந்தாலே ஆளைக் கொண்டுபோன வருடங்கள் உண்டு. சம்பந்தி வீட்டுப் பெரியவர் யாரோ, நீ உன் பிள்ளைக்குச் செய்ததையே இதற்குச் செய்திருக்கிறார். சோதனை போட வந்தவர்கள் எத்தனையோ முறை அந்தச் சேணத்தைத் தொட்டிருப்பார்கள். அது இல்லை என்று நம்பிப் போனார்கள். காலம் முழுக்க இதையே பார்த்துக்கொண்டிருந்த நானும் நம்பினேன்.

தெர்பிஷ் அதைத் திருடவில்லை. தோல் மாற்றும்போது வில்லை கழன்று, அதன் மறுபக்கத்தைப் பார்த்திருப்பான். இதை நான் சொல்லலாம், கொஞ்சம் உதவும். பூட்ஸுக்குள் ஏன் வைத்தான் என்பதை மட்டும் என்னாலும் விளக்க முடியாது.

புரெவ் கீழே ஹார்ன் அடிக்கிறார். எழுதிய தாள்களைக் கிழிக்க மனம் வரவில்லை. இன்று மத்தியானம் வரை நான் அவன் பக்கம் இருந்தேன் என்பதற்கு வேறு அத்தாட்சி என்னிடம் கிடையாது.

புரெவ் நாளை மறுநாள் காலையில் உங்கள் ஊரிலிருந்து திரும்புகிறார். அவரோடு கிளம்பி வா. அவனுடைய கம்பளிக் காலுறைகளை எடுத்து வா. நிறைய எடுத்து வா. கிளம்பும்முன் முதல் தேநீரை வானத்துக்குத் தெளிக்கும்போது அவன் பெயரைச் சொல்லித் தெளி. என்மேல் கோபமாக இருந்தாலும் எனக்கும் ஒரு துளி தெளி, ஹொர்லோ. வெள்ளிக்கிழமை அசல் என்று சொல்ல எனக்குக் குரல் வர வேண்டும்.

உன் அண்ணன்,
லுவ்சான்ஷரவ்

மேலே மூன்றாவதாக நான் எழுதியது தவறு.