பூஜை போடாத வண்டி

அன்பு மகள் ஜெயபிரியாவுக்கு,

அம்மா நலம். வேளைக்குச் சாப்பிடுகிறேன், பள்ளிக்கூடத்துக்கும் போகத் தொடங்கிவிட்டேன். நீயும் நலமாக இருப்பாய் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் ஞாயிற்றுக்கிழமை போனில் உன் குரல் அப்படி இல்லை. நான் ஊரிலேயே இருந்திருந்தால் அப்பா பிழைத்திருப்பார், நர்ஸ் வேலையை விட்டுவிட்டு அயர்லாந்திலிருந்து வந்துவிடுகிறேன் என்றாய். பக்கத்தில் உன் பெரியம்மா உட்கார்ந்திருந்ததால் நான் வாயைத் திறக்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நடக்காமல் போனதைப் பற்றிய அந்த ஆங்கில 'இஃப்' வாக்கியங்களைத்தான் இந்த வாரம் ஒன்பதாம் வகுப்புக்கு நடத்தினேன். சொந்தமாக ஒன்று எழுதச் சொன்னால், நன்றாகப் படித்திருந்தால் டாக்டர் ஆகியிருப்பேன் என்று பாதிப் பேர் எழுதுகிறார்கள். பதினான்கு வயதில்! வீட்டில் கேட்பதுதானே வரும். ஒன்றுமே செய்யாதவனுக்கு இதைவிட வசதியான வாக்கியம் எந்த மொழியிலும் கிடையாது. உட்கார்ந்த இடத்திலிருந்தே இன்னொருவரைக் குற்றவாளி ஆக்கிவிடலாம்.

உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அன்று காலை தக்காளித் தோட்டத்தில் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றார்கள். உன் பெரியப்பா வீட்டு வாசலில் புது கார் துணி போர்த்தி நின்றது, அங்கே ஓடினேன். குலதெய்வம் கோயிலில் இன்னும் பூஜை போடவில்லையாம். முதல் சவாரியே நோயாளியா என்று பெரியம்மா உள்ளே முனகியது எனக்குக் கேட்டது. பெரியப்பா வெளியே வந்து, பேட்டரி இறங்கிவிட்டது என்றார். பக்கத்துத் தோட்டத்து ராஜாமணிதான் டெம்போவிலிருந்த தக்காளிக் கூடைகளை ரோட்டில் இறக்கிப் போட்டுவிட்டு அப்பாவை ஏற்றிக்கொண்டார். ஆஸ்பத்திரி போகும் வழியில், பாலக்கோடு தாண்டியதும் அப்பா என் மடியிலேயே போய்விட்டார். தீட்டுக் கழிந்த மறுநாள் அந்தப் பேட்டரிக்கு உயிர் வந்துவிட்டது. கோயிலுக்கு வா என்று நம் வீட்டு முன்னால் நிறுத்தி ஹாரன் அடித்தார்கள். நான் போகவில்லை.

அதற்கு முதல்நாள் கருமாதிப் பந்தியில் உன் பெரியப்பா எல்லோரும் கேட்க, "எங்க ஜெயா நர்சுங்க. அது மட்டும் பக்கத்துல இருந்திருந்தா தம்பி பொழச்சிருப்பானுங்க" என்றார். பரிமாறிக்கொண்டிருந்த நான், "வண்டி பக்கத்துலதானுங்க மாமா இருந்துச்சு" என்றேன். பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்தார். ஊரில் விலை போகாததால் அந்தச் சரக்கை உனக்கு போனில் அனுப்பியிருக்கிறார். நீயும் கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்துக்கொண்டாய். இத்தனை படித்த உன்மேல் எனக்கு வருத்தம் அதில்தான்.

வண்டி தந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லமாட்டேன். அது எனக்குத் தெரியாது. தரவில்லை என்பது தெரியும். நீ அங்கே இருப்பது அப்பா ஆசைப்பட்டு அனுப்பியதால் என்பதும் தெரியும். உன்னை வழியனுப்பிவிட்டு விமான நிலையத்திலிருந்து மாரண்டஹள்ளி வரும்வரை பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடமெல்லாம் உன்னைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். அவர் செய்ததைத் தப்பாக்கிவிட்டுத் திரும்பி வராதே. லீவு கிடைக்கும்போது வா, மகளாக வா, தண்டனைக்கு வருகிறவளாக வராதே.

குளிருக்குக் காதை மூடிக்கொள். இரவு ஷிப்ட் என்றாலும் சாப்பிட்டுவிட்டுப் போ. இதை யாரிடமும் படித்துக் காட்டாதே. உன் கை பட்ட நோயாளிகள் எழுந்து நடக்கட்டும், நீயும் நன்றாக இரு. பெரியப்பா மறுபடி கூப்பிட்டு அதே வாக்கியத்தைத் தொடங்கினால், புது வண்டி எப்படி ஓடுகிறது என்று மட்டும் கேள்.

உன் அம்மா,
அமுதவல்லி