தலை சாய்த்துக் கேட்பவள்

மார்ச் 4, செவ்வாய்

இன்று கார் ஓட்டக் கற்க வந்தவர் பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலேட்டரை மிதித்துவிட்டு என்னை முறைத்தார். எனக்குக் கோபமே வரவில்லை. நாய் இனங்களை அங்கீகரிக்கும் கென்னல் கிளப்பிலிருந்து எங்கள் நாய்களைப் பார்வையிட வந்த தொப்பி அம்மா, நேற்று அண்ணனிடம் நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். தான் வளர்க்கும் சாம்பல்வால் நாய்களைத் தனி இனமாக அங்கீகரிக்கச் சொல்லி அண்ணன் ஏறாத படி இல்லை. "தெருநாய்க்கு எதுக்கு சார் சர்டிபிகேட்?" என்று எத்தனை பேர் சிரித்தார்கள்! ஏப்ரல் கூட்டத்தில் முடிவாகிவிடுமாம். அண்ணனுக்கு வாயெல்லாம் பல்.

மார்ச் 6, வியாழன்

இன இலக்கணத்தின் வரைவை அண்ணன் அனுப்பினார். சாம்பல்வால் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று கென்னல் கிளப் எழுதிவைக்கும் குறிப்பு அது. உயரம், மார்பு, வால் எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில்: "பேச்சுக் கேட்டால் தலையை இடப்பக்கம் சாய்த்து, வலக்காதைத் தூக்கி நிற்பது இந்த இனத்தின் தனி அழகு."

அட, இது என் நாய் டீச்சர்! வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளை சொல்லும் சாக்கைக் கேட்பது போல நிற்பாள். குட்டியிலேயே அப்படித்தான், அதனால்தான் அந்தப் பெயர். தொப்பி அம்மா அதிகம் பார்த்தது டீச்சரையும் அவள் பெற்று அண்ணன் வீட்டில் வளர்கிற பவுனையும் பவுனின் தங்கையையும்தானாம். மூன்றும் ஒரே மாதிரி நின்றிருக்கின்றன.

அம்மா இறந்துபோன வருஷம் நான் யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துக் கிடந்தேன். அண்ணன் வந்து, ஆறுதல் ஒன்றும் சொல்லாமல், இந்தக் குட்டியை என் மடியில் போட்டுவிட்டுப் போனார். அவள் மூத்திரம் போனாள், நான் எழுந்தேன். அண்ணனுக்கு நான் என்ன செய்தாலும் தகும்.

மார்ச் 9, ஞாயிறு

டீச்சரைப் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு போனேன். சிக்னலில் இடப்பக்கம் நின்ற லாரி ஹாரன் அடித்தது. டீச்சர் வலப்பக்கம் பாய்ந்து, அங்கே சிவனே என்று நின்ற சைக்கிள்காரரைப் பார்த்துக் குரைத்தாள். சிரித்துவிட்டேன்.

அடுத்த தெருவில் மறுபடி அதே கதை. இந்த முறை சிரிக்கவில்லை.

மார்ச் 10, திங்கள்

கை தட்டினேன். சாவிக்கொத்தை ஆட்டினேன். தட்டைக் கீழே போட்டேன். எந்தப் பக்கம் சத்தம் வந்தாலும் வலப்பக்கம்தான் திரும்புகிறாள்.

மார்ச் 12, புதன்

கால்நடை டாக்டரம்மா டீச்சரின் தலையில் மெல்லிய ஒயர்களை ஒட்டிச் சோதித்தார். அவள் அசையாமல் இருந்தாள். இடக்காது பிறவியிலிருந்தே கேட்காது. "பயப்படாதீங்க, அவ சந்தோஷமாத்தான் இருக்கா. ஆனா இது குட்டிங்களுக்கும் இறங்கலாம்."

அப்படியென்றால் தனி அழகு என்று எழுதியது என்ன? கேட்கிற காதைத் திருப்பி வைத்துக்கொள்ள அவள் படுகிற பாடு. அது அச்சாகிவிட்டால், இனி எல்லோரும் தலை சாய்க்கிற குட்டியாகத் தேடித் தேடி வளர்ப்பார்கள். நாளைக்கு இனமே செவிடாகும். கடவுளே.

மார்ச் 13, வியாழன்

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "இப்ப எதுக்கு வாயத் திறக்கற? அங்கீகாரம் வந்தப்புறம் மெதுவா சொல்லிக்கலாமே" என்றார். நல்ல மனசில்தான் சொல்கிறார். ஆனால் வந்தப்புறம் மாற்றுகிறேன் என்றால் யார் மாற்றுவார்கள்? இப்போதே சொன்னால் அண்ணன் கட்டியதில் மண்ணை அள்ளிப் போட்டதாக ஆகும். என்னதான் செய்வது?

மார்ச் 16, ஞாயிறு

சொல்லிவிட்டேன். அண்ணன் முகம் சுண்டிப்போய்விட்டது. "கூட்டத்துக்கு முன்னாடிதான் உனக்கு இது தோணணுமா?" என்றார். பிறகு, "உன் நாய்க்குக் காது கேக்கலன்னா அது உன் நாயோட பிரச்சினை. என் பவுன் நல்லாத்தான் இருக்கா."

உன் நாயாம். மடியில் போட்டது யாரு? எனக்கும் வாய் சும்மா இருக்கல, ஏதேதோ பேசிட்டேன். அண்ணி குறுக்கே வந்து காபி குடு காபி குடுன்னு... குடிக்காமலே வந்துட்டேன்.

மார்ச் 18, செவ்வாய்

அண்ணனிடமிருந்து போன் இல்லை.

மார்ச் 21, வெள்ளி

வகுப்பு நடுவில் போன். அண்ணன். வண்டியை ஓரம் கட்டச் சொன்னேன்.

"பவுனோட இடப்பக்கம் நின்னு சோத்துத் தட்டத் தட்டினேன்மா. அவ வலப்பக்கம் போய்த் தேடறா."

அழுதாரா தெரியவில்லை. நான் அழுதேன். பக்கத்து சீட்டில் இருந்தவர், தான் ஏதோ தப்பாக ஓட்டிவிட்டதாக நினைத்து, "ஸாரி மேடம், ஸாரி மேடம்" என்றார். பாவம், நல்ல மனுஷர்.

மார்ச் 24, திங்கள்

அண்ணன் தானே தொப்பி அம்மாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அங்கீகாரம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை, எங்கள் நாய்கள் அத்தனைக்கும் செவிச் சோதனை செய்துகொண்டு வருகிறோம் என்றாராம். அண்ணிதான் சொன்னார். இப்படி ஓர் அண்ணன் கிடைக்க நான் என்ன புண்ணியம் செய்தேனோ.

ஏப்ரல் 12, சனி

டாக்டரம்மா ஞாயிறுகளில் விடுமுறை கூட எடுக்காமல் எல்லா நாய்களையும் சோதித்து முடித்தார். டீச்சர், பவுன், பவுனின் தங்கை. மூன்றுக்கு மட்டும்தான் குறை. மற்றதெல்லாம் பாம்புச் செவி. அப்பாடா! வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கிறது.

ஆனால் இந்த மூன்றும் இனப் பதிவேட்டில் வராது, இனிக் குட்டி போடவும் கூடாது. சரி என்று அண்ணன்தான் முதலில் கையெழுத்துப் போட்டார். கூட்டம் ஜூனுக்குத் தள்ளிப்போய்விட்டது.

ஜூன் 14, சனி

கிடைத்துவிட்டது! கிடைத்துவிட்டது!

சாம்பல்வால் இனி தனி இனம். தொப்பி அம்மா மேடையில் சொன்னார்: "தங்களோட நாய்ங்க குறைய தாங்களே வந்து சொன்ன ஒரு கூட்டத்த நான் இப்பத்தான் பாக்கறேன். இவங்கள நம்பி இனத்த ஒப்படைக்கலாம்." அண்ணன் மைக்கைப் பிடித்துக்கொண்டு எல்லாருக்கும் நன்றி என்றார். உடனே இறங்கிவிட்டார். பதிவான நாய்கள் மட்டும்தான் மைதானத்துக்குள் வரலாம் என்பதால் டீச்சர் வீட்டில் இருந்தாள். அது ஒன்றுதான் உறுத்தல்.

ஜூன் 15, ஞாயிறு

காலையிலேயே அண்ணன் வந்தார், கையில் அச்சான இன இலக்கணம். எனக்குக் காட்டத்தான் கொண்டு வந்திருக்கிறார் என்று கையை நீட்டினேன். "இரும்மா" என்று என்னைத் தாண்டிப் போய், டீச்சரின் வலப்பக்கமாகத் தரையில் உட்கார்ந்தார். முட்டிவலிக்காரர், தரையில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அந்தக் காதருகே உரக்கப் படிக்க ஆரம்பித்தார். உயரம், மார்பு, வால்.

"தலை நேராக இருக்க வேண்டும். சாய்வு குறையாகக் கருதப்படும்."

டீச்சர் தலையைச் சாய்த்து அவரைப் பார்த்தாள். அண்ணன் நிறுத்திவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "இது உனக்கு இல்லம்மா" என்று அவளிடம் சொன்னார்.