ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்த அப்பாவுக்கு

என் அருமை அப்பா,

நீங்கள் போய் முப்பது நாளாகிறது. ஜொகூரில் விடாத மழை. நீங்கள் சட்டசபைக்குப் போட்டுப்போன கறுப்புக் கோட்டை நேற்றுதான் கொஞ்ச நேரம் வெயிலில் போட முடிந்தது. யாருக்காவது கொடுத்துவிடச் சொல்கிறார் சித்தப்பா. எனக்கு மனம் வரவில்லை.

பதினோரு வருஷம் இந்த மாநிலச் சட்டசபையில் தமிழருக்கென்று இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தீர்கள். என்ன சாதித்தீர்கள் என்று கேட்டால் ஊரில் பாதிப் பேர் சிரிப்பார்கள். எந்த மசோதா வந்தாலும் தலையாட்டினீர்கள். கூலிகள் குடியிருக்கும் லயத்துப் பக்கத்திலிருந்து கள்ளுக்கடையை எடுக்கச் சொல்லி ரப்பர் தோட்டத்துப் பெண்கள் வந்து அழுதபோது, "பாக்கலாம்மா" என்றதோடு சரி. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. போனவரிடம் இப்படிப் பேசக் கூடாதுதான். ஆனால் உங்களிடம் எதையும் ஒளித்து எனக்குப் பழக்கமில்லையே.

ஒரு விஷயத்தில் மட்டும் நீங்கள் விடவே இல்லை. தெப்ராவ் தோட்டத்து ஜனங்கள் செத்தால் எரிக்க இடம் கிடையாது. தோட்டத்து வெள்ளைக்காரத் துரை தன் நிலத்தில் விடமாட்டார். ஆற்றோரச் சேற்றில்தான் எரித்தார்கள். கடல்நீர் ஆற்றில் ஏறினால் சிதை பாதியில் அணைந்துவிடும். மேட்டில் கொஞ்சம் நிலமும் அங்கே போக ஒரு பாதையும் வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்து கேட்டீர்கள். பரிசீலனையில் இருக்கிறது என்று கூட்டத்துக்குக் கூட்டம் பதில் சொன்னார்கள்.

போகப் போக நீங்கள் எழுந்தாலே சபையில் சிரிப்பு. எதிரே உட்காருகிற, டத்தோ பட்டம் வாங்கிய மலாய்க்காரர், "உங்க ஆளுங்க இன்னும் செத்துக்கிட்டுத்தான் இருக்காங்களா?" என்று கேட்டாராம். ஊரில் உங்களுக்குச் சுடுகாட்டு மெம்பர் என்றே பெயர். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட அதைச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார்கள். அன்று உங்களிடம் கத்தினேன், நினைவிருக்கிறதா?

"வேற ஏதாவது கேளுங்கப்பா. பள்ளிக்கூடம் கேளுங்க, ஆஸ்பத்திரி கேளுங்க."

"அதக் கேக்க நாலு பேரு வருவாங்கம்மா. இத யாரு கேப்பா?" என்றீர்கள்.

உங்கள் மூச்சு நின்ற காலையில், வெளியூருக்குத் தந்தி கொடுப்பதற்குள் தோட்டத்துக்குச் செய்தி போய்விட்டது. மாணிக்கம் கங்காணி ஆட்களோடு வந்து வாசலில் நின்றார். ரொம்பத் தயங்கிக் கேட்டார்.

"அம்மா, ஐயாவ எங்க பக்கம் கொண்டு போலாமாங்க? எங்களுக்காகவே கேட்டுக்கிட்டு இருந்தாரு."

சித்தப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "டவுன் சுடுகாட்டுல சிமெண்டு மேடை இருக்கு. துரைமாரு, டத்தோ எல்லாம் வராங்க. அவங்கள சேத்துல எறக்கச் சொல்றியா?"

"எறங்கட்டும் சித்தப்பா. அந்த இடத்த வந்து பாருங்கன்னு அப்பா கூப்பிட்டப்ப வரலல்ல," என்றேன்.

அம்மா முன்பே போய்விட்டதால் இந்த வீட்டில் நான் சொன்னதுதான் முடிவு. தெப்ராவ் வரை உங்களை லாரியில் கொண்டுபோனார்கள். அதன்பிறகு தோள்மேல். பெண்கள் நாங்கள் வாசலோடு நின்றுவிட்டோம். நடந்ததைக் கங்காணிதான் சாயங்காலம் வந்து சொன்னார். முழங்கால் வரை சேறாம். டத்தோ சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கடைசி வரை வந்தாராம். சித்தப்பா கொள்ளி வைத்துக் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் ஏறிவிட்டதாம்.

"அணைஞ்சு போச்சும்மா. ரெண்டாந்தரம் மூட்டுனோம்," என்று சொல்லிவிட்டுக் கங்காணி தலையைக் குனிந்துகொண்டார். பெற்ற மகளிடம் சொல்லக் கூடியதா அது? அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை அப்பா. உங்கள் உடம்பையே ஒரு மனுவாக்கி அவர்கள் முன்னால் நீட்டிவிட்டேனோ? உயிரோடு இருந்திருந்தால் சம்மதித்திருப்பீர்களா, என்னைக் கோபித்துக்கொண்டிருப்பீர்களா? எத்தனை யோசித்தும் தெரியவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு மறுநாள் அந்த டத்தோ நம் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. மலாயில்தான் பேசினார். "உங்கப்பா எழுந்தப்பல்லாம் சிரிச்சவன் நான். அந்தக் கேள்விய எழுதிக் குடும்மா. இந்தத் தரம் நான் கேக்குறேன்," என்றார். அவரை நான் மன்னித்தேனா என்று கேட்காதீர்கள். காப்பி மட்டும் கொடுத்து அனுப்பினேன்.

நேற்று முழுக்க உங்கள் மேசையில் உட்கார்ந்து எழுதினேன். உங்கள் வாசகத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. அதே நிலம், அதே பாதை. கடைசியில் ஒரு வரி மட்டும் நானாகச் சேர்த்திருக்கிறேன். அது இதுதான்: "இப்போதுள்ள ஆற்றோரச் சேற்றில் கடைசியாக எரிக்கப்பட்டவர் இச்சபையின் அங்கத்தினர், அவருடைய சிதையை இரண்டு தரம் மூட்ட வேண்டியிருந்தது."

இதற்கும் பரிசீலனை என்றே பதில் வந்தால், அடுத்த கூட்டத்துக்கும் எழுதுவேன். யார் சிரித்தாலும் எழுதுவேன். இது சத்தியம் அப்பா.

உங்கள் ஒரே மகள்,
காமாட்சி