இடப்பக்கம் வந்த புகைக்குழாய்

போன இடத்திலும் கையில் கிரீஸோடு நிற்கும் என் அண்ணாவுக்கு,

உங்கள் பந்தயக் கார் இன்னும் விற்கவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நீங்கள் கண்ணை மூடி இரண்டு மழைக்காலம் முடிந்துவிட்டது. சூரியநெல்லியில் எஸ்டேட் குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொன்னதும் அண்ணியும் உங்கள் இரண்டு பெண்களும் எலப்புள்ளிக்கு, என் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். பின்னாலேயே லாரியில் கார் வந்தது. இப்போது அது மாட்டுக்கொட்டகையில் நிற்கிறது. மாடு வெளியே நனைகிறது.

அண்ணிக்கு இரண்டு அறையில் தனியாக ஒரு வீடு வேண்டும். ஒரே அடுப்பில் அவரும் என் மனைவியும் படுகிற பாட்டை உங்களுக்கு எழுதப் போவதில்லை. "என் வண்டிய வித்தா ஒரு ஊடே கட்டலாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். யார் வாங்குவார்கள் என்று ஒரு நாளாவது சொன்னீர்களா? பெட்ரோல் விலை ஏறியதிலிருந்து குடும்பமே ஏறிப் போகிற காரை விற்றுவிட்டு பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். ஒரே ஒரு ஆள் உட்காரும் கார் யாருக்கு வேண்டும்?

போன வாரம் புரோக்கர் பழனிச்சாமி, கோயம்புத்தூரிலிருந்து ஒரு மில் முதலாளியின் மகனை அழைத்து வந்தார். பழைய பந்தயக் கார்களை வாங்கிச் சேர்க்கிறவராம். தேயிலை ஃபாக்டரி கழித்துப் போட்ட தகட்டை நீங்கள் மூன்று வருடம் தட்டி வளைத்தீர்களே, அந்த பானெட்டை அவர் தடவிப் பார்த்தார். முகத்தில் ஆசை இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். பிறகு கையிலிருந்த ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்து, அதிலிருந்த படத்தோடு ஒப்பிட்டார். சிரித்துவிட்டார்.

"ஏனுங்க, கண்ணாடியில பாத்துச் செஞ்ச மாதிரி இருக்குது? சைலன்சர் குழாய் வலப்பக்கமல்லங்க வரோணும்? பிரேக் கம்பி, பெட்ரோல் மூடி, அல்லாமே மாறிக் கெடக்குது."

"இது நகல்தானுங்க" என்றேன்.

"நகலுன்னு தெரியுமுங்க. நல்ல நகலுக்கு நான் காசு குடுப்பேன். இது தப்பான நகலு. கொண்டுபோய் நிறுத்துனா என்ற சினேகிதனுக சிரிப்பானுக."

அவர் போய்த் தன் காரில் ஏறியதும் பழனிச்சாமி என் காதருகே வந்தார். "முழுசா நின்னா இதுக்கு வெலையே இல்லீங்க சார். பிரிச்சா உண்டு. எஞ்சின் ஒருத்தனுக்கு, ஆக்ஸில் ஒருத்தனுக்கு, தகடு பாத்திரக் கடைக்கு. வெள்ளிக்கிழமை ஸ்பானரோட வரட்டுங்களா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீங்கள் பார்த்துச் செய்த உங்கள் எஸ்டேட் வெள்ளைக்காரத் துரையின் காருக்கே இரண்டு முறை எஞ்சின் மாற்றினார்கள் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? சக்கரம் வேறு, கியர்பாக்ஸ் வேறு, ஆனாலும் அது அசல். நீங்கள் ஒவ்வொரு துண்டையும் கையால் செய்தது நகல். இது என்ன கணக்கு அண்ணா? உங்கள் கை பட்ட வண்டிக்கு, கை படாத இரும்பைவிட விலை குறைவு என்று எவன் வைத்த சட்டம்?

வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார் அண்ணி.

"பிரிச்சே குடுத்துருங்க தம்பி. வண்டிக்குள்ளயா குடியிருக்க முடியும்? முடிஞ்சாலும் அதுல ஒரு ஆளுதான் உக்காரலாம்" என்றார். பிறகு மெதுவாகக் கேட்டார். "அவுக ஏன் தம்பி பக்கம் மாத்தி வச்சாக? அவுக கை அப்படித் தப்பாதே."

தெரியாது என்று சொல்லியிருக்கலாம்.

அசல் வண்டி இங்கிலாந்தில் இருந்தது. அதை நீங்கள் கண்ணால் பார்த்ததே இல்லை. துரை பங்களாவில் தொங்கிய அந்தக் காரின் போட்டோவுக்கு மூணாறு ஸ்டுடியோவில் நகல் எடுத்து வந்தீர்கள். அவ்வளவுதான் உங்களுக்குப் பாடப் புத்தகம். ஸ்டுடியோக்காரர் பிலிமைத் திருப்பிப் போட்டு அச்சடித்திருந்தார். காரில் எழுதியிருந்த எண் எட்டு. எந்தப் பக்கம் திருப்பினாலும் எட்டுதான். அதனால் உங்களுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. பக்கத்தில் நின்ற துரையின் சட்டைப் பை, இடது மார்பில் இருக்க வேண்டியது, வலது மார்பில் இருந்தது.

தங்கச்சி கல்யாணத்துக்கு நீங்கள் வந்தபோது அதைச் சொல்லத்தான் பந்திக்கூடத்தில் உங்களிடம் வந்தேன். "அண்ணா, அந்தப் படத்தில்..." என்று ஆரம்பித்தேன். மாமன் மச்சான் அத்தனை பேர் முன்னாலும் நீங்கள் என்ன சொன்னீர்கள்? "பேனாவுக்கு மை ஊத்தறவனுக்கு நட்டப் பத்தி என்னடா தெரியும்? போயி எலையப் போடு." கூட்டமே சிரித்தது. நான் இலையைப் போட்டேன். வாயை மூடிக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் நீங்கள் வலப்பக்கம் வர வேண்டிய குழாயை எஞ்சினுக்கு அடியில் வளைத்து, ஒரு கோடைக்காலம் முழுக்கப் பாடுபட்டு, இடப்பக்கம் கொண்டு வந்தீர்கள். கடிதத்தில் பெருமையாக எழுதினீர்கள். நான் பாராட்டிப் பதில் போட்டேன்.

இதையெல்லாம் அண்ணியிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை.

"அப்பவே சொல்லியிருந்தா உங்கள அடிச்சிருப்பாக. அடிச்சுப்போட்டு மறுநாளே மாத்தியிருப்பாக" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டார்.

நான் உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுத மாட்டேன். உங்களுக்கும் பொய் பிடிக்காது. ஆனால் நல்ல நகலுக்கும் தப்பான நகலுக்கும் இடையில் இருக்கும் விலை வித்தியாசம் என் கடன். அதை அண்ணி ஏன் கொடுக்க வேண்டும்?

வெள்ளிக்கிழமை பழனிச்சாமியைத் திருப்பி அனுப்பிவிடுவேன். பாகம் பிரித்தபோது எனக்கு வந்த கிணற்றடி நிலத்தை அண்ணி பெயருக்கு மாற்ற, ஆதாரப் பத்திரம் எழுதுகிறவரிடம் சொல்லியாகிவிட்டது. சுவர் எழுப்ப பி.எஃப். கடனுக்கு மனுக் கொடுத்திருக்கிறேன். கஞ்சிக்கோடு கம்பெனியில் குமாஸ்தாவாக இத்தனை வருடம் மை ஊற்றியதற்கு அதாவது கிடைக்கட்டும். காரை முழுசாகக் கேட்டு யாராவது வந்தால் கொடுப்பேன். பக்கம் ஏன் மாறியிருக்கிறது என்று கேட்பார்கள். செய்தவர் தப்புச் செய்யவில்லை, தெரிந்தவன் சொல்லவில்லை என்று, என் பெயரைச் சொல்லியே பதில் சொல்வேன். இது சத்தியம்.

உங்களுக்கு அடுத்துப் பிறந்து, பேச வேண்டிய நேரத்தில் பேசாமல் இருந்த தம்பி,
சுப்பிரமணியம்