பதினோரு பேருக்கும் புரிஞ்சுது

செவ்வாய்க் குடியிருப்பு, பள்ளிக்கூடம்
எழுதுபவர்: ரோஸ்லின், ஆசிரியை

நாள் 402, காலை 8.10
வருகை பதினொன்று. வகுப்பறைக் காற்றழுத்தம் நூறு சதவீதம். பாடம் நடத்துவது போதினி என்கிற கணினி. நாகர்கோவிலில் நான் இருபது வருடம் எடுத்த வகுப்புகளின் ஒலிப்பதிவைக் கேட்டுத்தான் அது நடத்தக் கற்றது. குரல்கூட என்னுடையதுதான். பாடம் முடிந்ததும் என்னைப் போலவே, “புரிஞ்சுதா மக்ளே?” என்கிறது. பிள்ளைகள் கோரஸாக, “புரிஞ்சுது டீச்சர்!” உடனே அடுத்த பாடம். எனக்கு மிச்சம் கையெழுத்துப் போடுகிற வேலை. நல்ல பிழைப்புதான் போங்கள்.

நாள் 405, காலை 11.30
எட்டு வயது பொற்கொடி மட்டும் கோரஸில் சேரமாட்டாள். இன்று அவசரக் காற்றுக்குழாய் பற்றிய பாடம். ஆறு தடவை கேட்டுவிட்டாள்: “புரியலை டீச்சர். கொண்டின்னா எது? காட்டுங்க.” காட்டுவதற்குப் போதினிக்குக் கை ஏது? மற்றவர்கள் விளையாடப் போக, இவளுக்கு அதே பாடம் மறுபடி முதலிலிருந்து. இனி தினமும் இப்படியே செய்யலாமா என்று போதினி அனுமதி கேட்டது. கையெழுத்துப் போட்டேன். நானே போய்க் காட்டலாம்தான். அறிக்கை அனுப்புகிற அவசரம்.

நாள் 431, பகல் 12.00
பொற்கொடி திருந்திவிட்டாள். மூன்று வாரமாக ஒரு ‘புரியலை’ இல்லை. தேர்ச்சி நூறு சதவீதம். பூமியிலிருந்து பாராட்டு வந்திருக்கிறது. ஆனால் அவள் என் முகத்தைப் பார்ப்பதே இல்லை. என்ன பிள்ளையோ.

நாள் 440, காலை 9.42
புழுதிப்புயல். மின்சாரம் போனது, போதினியும் போனது. வகுப்பறைக் கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. பிள்ளைகள் உள்ளே, நான் வெளியே நடைவழியில். இரும்புக் கதவு, சன்னல் கிடையாது. உள்ளே இருப்பவர்களோடு பேசுகிற பேட்டரி வானொலி மட்டும் வேலை செய்கிறது. கதவிலுள்ள அழுத்தமானியில் உள்ளே அழுத்தம் 81, இறங்குகிறது. பெற்றோர் சுரங்கத்திலிருந்து வர இரண்டு மணி நேரமாகும். உள்ளே அவசரக் காற்றுக்குழாயைத் திறக்கிற சக்கரம் இருக்கிறது. அதைப் பிடித்திருக்கிற கொண்டியைத் தூக்கிவிட்டுச் சுற்றினால் காற்று வந்துவிடும். அவ்வளவுதான் வேலை.

9.50, அழுத்தம் 74
“கொண்டியைத் தூக்கிட்டு சக்கரத்தைச் சுத்தணும். புரிஞ்சுதா மக்ளே?”
“புரிஞ்சுது டீச்சர்!”
பதினோரு குரலும் கேட்டது. அழுத்தமானி ஏறவில்லை.

9.58, அழுத்தம் 66
சக்கரம் அசைகிறதா என்றாலும் “புரிஞ்சுது டீச்சர்” என்கிறார்கள். உள்ளே இருட்டு. கை எங்கே இருக்கிறது என்று ஒருத்தராவது சொன்னால் வழி சொல்வேன். கொண்டி எதென்று தெரியவில்லை போலிருக்கிறது. கேட்டால்தானே! கத்தினேன். அவர்களும் இன்னும் சத்தமாக அதையே சொன்னார்கள். ஐயோ, என் பிள்ளைகளே.

10.07, அழுத்தம் 51
நாலைந்து குரல்தான் வருகிறது.
“பொற்கொடி, கண்ணு, நீ பேசு. புரியலைன்னு சொல்லு. திட்டமாட்டேன். முதல்லேர்ந்து திரும்ப நடத்தமாட்டேன். கையில என்ன தட்டுப்படுதுன்னு மட்டும் சொல்லு.”
இரும்பில் நகம் உரசுகிற சத்தம். சக்கரத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறாள்.

10.11, அழுத்தம் 47
இதைப் படிப்பவருக்கு: போதினியில் பழுது எதுவும் இல்லை. என்னிடம் கற்றதைத்தான் அது செய்தது.
“டீச்சர்...”
“சொல்லுடி தங்கம்.”
“எனக்கு...”
“சொல்லு, உனக்கு?”
“எனக்கும் புரிஞ்சுது டீச்சர்.”