ஆந்த்ரோமாகியின் பெயர் பட்டியலில் இல்லை

மொன்றியல்
பெப்ரவரி 3

அன்புள்ள அம்மாவுக்கு,

நடப்பவற்றை எல்லாம் ஒளிக்காமல், உள்ளபடி எழுதுவேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பள்ளியால் வரும்போது நீங்கள் தையல் தொழிற்சாலைக்குப் போய்விடுகிறீர்கள். காலையில் நான் வெளிக்கிடும்போது நீங்கள் நித்திரை. போனில் எழுதினால் அண்ணா எடுத்து வாசிப்பார். அதனால் இனிமேல் சோறு மூடியிருக்கும் தட்டின் மேல் என் கடிதம் இருக்கும்.

எங்கள் வகுப்பு ஒரு நிகழ்ச்சி செய்கிறது. கிரேக்கத்தின் பெயர்பெற்ற மனிதர்கள், பழங்காலத்திலிருந்து போன நூற்றாண்டு வரை. ஆளுக்கொருவராக உடுத்துக்கொண்டு, அவராகவே மேடையில் பேச வேண்டும். நமது தெருவுக்குப் பின்னால் இருக்கும் கிரேக்க மண்டபத்தில்தான் நடக்கிறது. பெயர்களை எழுதிய துண்டுகளைக் குலுக்கி எடுத்தோம். கணித அறிஞர் ஹைப்பேஷியா எனக்கு வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவர் வேறொருத்திக்குப் போய்விட்டார். றொஷினிக்கு ஆர்க்கிமிடீஸ், குளியல் தொட்டிக்கு எங்கே போவது என்று கவலைப்படுகிறாள். றஜிந்தனுக்கு சோக்ரடீஸ். "நஞ்சுக் கோப்பைக்குள்ளை நெஸ்ரமோல்ற் கரைச்சு விடலாம்தானே, குடிக்க?" என்று ஆசிரியையிடமே கேட்டான்.

எனக்கு வந்தது யோர்கோஸ் பாப்பனிகோலாவு. "ஆரடி அவர்?" என்றாள் றொஷினி. எனக்கும் தெரியவில்லை. நாளை நூலகத்துக்குப் போகிறேன்.

மீன் குழம்பில் உப்புக் குறைவு. ஆனாலும் மிச்சம் விடவில்லை.

அன்பு மகள்
நிரோஜா


பெப்ரவரி 4

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது,

உன் கடிதத்தைச் சோற்றோடு சேர்த்து வாசித்தேன். உப்புக் குறைவென்றால் மேசையில் உப்புப் போத்தல் இருக்கிறது. பெயர் தெரியாத ஆள் வந்தது நல்லதுதான். நீ பிழையாகச் சொன்னாலும் ஒருவருக்கும் பிடிபடாது.

எனக்கு வயிற்று நோ இன்னும் விடவில்லை. யோசிக்காதே. போன வருடம் அண்ணாவோடு போய் டொக்டரிடம் காட்டிய நோதான். தொப்பி போடாமல் வெளியே போகாதே.

அம்மா


பெப்ரவரி 9

அன்புள்ள அம்மாவுக்கு,

பாப்பனிகோலாவு ஒரு டொக்டர். மனைவி ஆந்த்ரோமாகியோடு கப்பலில் நியூயோர்க்குக்கு வந்தபோது இருவருக்கும் ஆங்கிலம் தெரியாதாம். அவர் ஒரு கடையில் கம்பளம் விற்கப் போனார். அவளுக்கு அதே கடையில் பொத்தான் தைக்கிற வேலை. பிறகுதான் அவருக்கு ஆய்வுகூடத்தில் இடம் கிடைத்தது. பெண்களின் கருப்பை வாசலில் இருந்து கொஞ்சம் எடுத்து, புற்றுநோய் வருவதற்கு முன்னமே கண்டுபிடிக்கும் சோதனையை அவர்தான் உருவாக்கினார். அதற்காக இருபது வருடத்துக்கு மேல் தன்னையே சோதிக்கக் கொடுத்தவள் ஆந்த்ரோமாகி. ஆசிரியையின் பட்டியலில் அவள் பெயர் இல்லை. எனக்குக் கோபம் வந்தது.

அம்மா, இனி எழுதப் போவதற்கு என்னை ஏசாதீர்கள். மாதவிடாய் நின்று இரண்டு வருடமாகிறது என்று நீங்கள் மாமியிடம் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். நேற்று உங்கள் உடுப்பைத் தோய்க்கப் போட்டபோது இரத்தம் கண்டேன். நின்ற பிறகு அப்படி வந்தால் உடனே காட்ட வேண்டும் என்று நூலகப் புத்தகத்தில் இருக்கிறது. டொக்டருக்கு இதைச் சொன்னீர்களா?

நிரோஜா


பெப்ரவரி 10

நிரோஜா,

பதினைந்து வயதுப் பிள்ளை தாய்க்கு எழுதுகிற விஷயமா இது? பள்ளிக்கூடத்தில் இதையா படிப்பிக்கிறார்கள்? என் உடுப்பை இனி நானே தோய்ப்பேன்.

கத்தரிக்காய் வதக்கி வைத்திருக்கிறேன்.

அம்மா


பெப்ரவரி 11

அன்புள்ள அம்மாவுக்கு,

கத்தரிக்காய் நல்லாயிருந்தது. நான் அழுதுகொண்டு சாப்பிட்டேன். உள்ளபடி எழுதுவதாகச் சொன்னதால் இதையும் எழுதுகிறேன்.

இன்று அண்ணாவிடம், "அண்டைக்கு டொக்டரிட்டை அம்மா என்ன சொன்னவ?" என்று மெதுவாகக் கேட்டேன். "வயித்து நோ எண்டுதான். நான் பிரெஞ்சிலை சொன்னன். வயித்திலை காஸ் எண்டு குளிசை தந்தவர். ஏன்?" என்றார். மொழிபெயர்க்க மகன் பக்கத்தில் நின்றால் நீங்கள் வேறு என்னத்தைச் சொல்ல முடியும்? அது அண்ணாவின் பிழையும் இல்லை.

என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள். பெண் டொக்டர் வேண்டும் என்று நானே கேட்கிறேன். திரைக்கு இந்தப் பக்கம் நின்று நீங்கள் சொல்வதை மட்டும் சொல்வேன். உங்களுக்கு ஏதும் நடந்தால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

நிரோஜா


பெப்ரவரி 14

அன்பு மகளுக்கு,

மூன்று நாள் உனக்கு எழுதவில்லை. மெஷினில் இருக்கும்போதெல்லாம் அந்த மனுசியைத்தான் நினைத்தேன். பாஷை தெரியாத ஊரில் பொத்தான் தைத்தது மெய்தானா? இருபது வருடம் வெட்கப்படாமலா கொடுத்தாள்? வெட்கப்பட்டிருப்பாள். வெட்கப்பட்டுக்கொண்டே கொடுத்திருப்பாள்.

உன் அப்பா இருந்திருந்தால் அவரிடம் சொல்லியிருப்பேன். பெரிய வருத்தமாக இருந்தால் என்ன செய்வது என்ற பயத்தில்தான் உன்மேல் பாய்ந்தேன். மருத்துவமனைக்குப் போன் எடுத்துக் கேள். பெண் டொக்டர்தான் வேண்டும் என்று இரண்டு தரம் சொல்.

அம்மா


பெப்ரவரி 21

அன்புள்ள அம்மாவுக்கு,

நேற்று இருவரும் ஒன்றாகத்தான் போனோம். ஆனால் திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு சொல்லும் கதைக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

"ஏன் போன வருஷம் இதைச் சொல்லவில்லை?" என்று டொக்டர் கேட்டார். திரைக்குப் பின்னால் இருந்து நீங்கள், "பெடியனை வச்சுக்கொண்டு இதைக் கதைக்கேலுமே? அவவுக்கும் ஒரு மகன் இருந்தால் தெரியும் எண்டு சொல்லு" என்றீர்கள். அப்படியே சொன்னேன். அவருக்கு மூன்று மகன்களாம்! நீங்கள் சிரித்த சத்தம் திரைக்கு இந்தப் பக்கமும் கேட்டது.

கருப்பை வாசலில் இருந்த சின்னச் சதை வளர்ச்சியை எடுத்து, சோதனைக்கு அனுப்பியிருக்கிறார். முடிவைச் சொல்ல என் போன் நம்பரைக் கொடுக்கலாம் என்று நீங்கள்தான் தலையாட்டினீர்கள். போனைத் தலையணைக்குக் கீழே வைத்துப் படுக்கிறேன்.

நிரோஜா


மார்ச் 5

அம்மா, புற்றுநோய் இல்லை!

இதை முதல் வரியில் எழுதினால்தான் கோட்டைக் கழற்றுவதற்கு முன்னமே உங்கள் கண்ணில் படும். பள்ளி விட்டு மெட்ரோப் படியில் இறங்கும்போது மருத்துவமனையில் இருந்து போன் எடுத்தார்கள். சரியாகக் கேட்டேனா என்று பயந்து திரும்பவும் சொல்லச் சொன்னேன். இல்லவே இல்லையாம். எடுத்த சதை ஆபத்தில்லாததாம். ஆறு மாதத்தில் ஒருக்கால் வந்து காட்டினால் போதும். வேலைத்தளத்தில் உங்களுக்குப் போன் வைத்திருக்க விடமாட்டார்கள் என்பது இன்று எவ்வளவு கொடுமையாக இருந்தது!

அண்ணா என் முகத்தைக் கண்டு, என்னவென்று விடாமல் கேட்டார். சொல்லிவிட்டேன். கோபிக்காதீர்கள். கதிரையில் இருந்துவிட்டார். "நான்தானேடி பக்கத்திலை நிண்டனான்" என்றார். பிறகு கார்ச் சாவியைக் கையில் எடுத்து, "இனி நீ உள்ளை போ. நான் வெளியிலை கார் வச்சுக்கொண்டு நிக்கிறன்" என்றார். உங்களை ஏற்ற இன்று அவர்தான் வருகிறார். வழியில் வாய் திறக்கக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

நாளை மாலை மேடை. பட்டியலில் இல்லாத ஆந்த்ரோமாகியாகப் பேச ஆசிரியை சம்மதித்துவிட்டார். பாப்பனிகோலாவுவைப் பற்றி மனைவியே சொல்லட்டும் என்றார்.

மகள்
நிரோஜா


மார்ச் 6, விடிய முதல்

என் குஞ்சுவுக்கு,

கோட்டோடு நின்றபடிதான் வாசித்தேன். அண்ணா சத்தியத்தைக் காப்பாற்றினான். ஆனால் ரெண்டு சிவப்பு விளக்கில் சும்மா சும்மா சிரித்தான். எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. இருந்தாலும் உன் எழுத்தில் இரண்டு தரம் வாசித்த பிறகுதான் கோட்டைக் கழற்றினேன். பிறகு நானும் அண்ணாவும் சேர்ந்து சோறு சாப்பிட்டோம். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு எனக்குப் பசித்தது.

இன்றைக்கு வேலைக்கு வரமாட்டேன் என்று சுப்பவைசரிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டேன். முடிவு எதுவாக இருந்தாலும் உன் பேச்சைக் கேட்க வருவதென்று நினைத்திருந்தேன். அந்த மனுசி பேசும்போது நான் முன் வரிசையில் இருப்பேன். பிரெஞ்சில் விளங்காததை அண்ணா சொல்லட்டும். இந்த முறை அவன் எல்லாவற்றையும் கேட்கலாம்.

உன்னை எழுப்ப மனம் வரவில்லை. புத்தகத்தை நெஞ்சில் கவிழ்த்தபடி நித்திரையாக இருந்தாய். புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்து, போர்வையை இழுத்து மூடிவிட்டு, விளக்கை அணைத்துவிட்டேன்.

அம்மா